சங்கிலி வந்தபின் வந்த சொற்கள்: பாராமகாலில் மண் தரம் பிரித்த வரலாறு

தருமபுரி மாவட்டத்தில் எந்தக் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தாலும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேரே அந்த நிலம் பலமுறை தரம் பிரிக்கப்பட்டிருப்பது தெரியும். புன்செய், நன்செய், புறம்போக்கு என்று ‘நிலத்தின் வகை’ ஒரு கட்டத்தில் இருக்கும். ‘மண் வயனமும் ரகமும்’ என்ற கட்டத்தில் கோடிட்டுப் பிரித்த இரண்டு எண்கள் இருக்கும். ‘மண் தரம்’ என்ற கட்டத்தில் இன்னோர் எண். பேச்சில் வகை, வயனம், ரகம், தரம் நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லிவிடலாம். பதிவேட்டில் முடியாது. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கு விடை. இந்தப் பங்கீடு எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரை தொடரும் தடம்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இன்றைய தருமபுரியை உள்ளடக்கிய பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் ஆட்சியராகத் திருப்பத்தூரில் அமர்ந்தார். தாமஸ் மன்றோ, வில்லியம் மெக்லியோட், ஜேம்ஸ் ஜார்ஜ் கிரஹாம் மூவரும் அவருடைய உதவியாளர்கள்; மன்றோவின் இருப்பிடம் தருமபுரி. நால்வருமே படை அதிகாரிகள். வரி வசூலில் பழக்கமில்லாத அவர்கள் கையில்தான் குடியானவரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும், பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற முறை உருவானது.

அதற்குமுன் இப்பகுதியில் நிலத்தை விதைப்பாட்டால் சொல்லும் வழக்கம் இருந்தது. ‘இத்தனை வள்ளக் காடு’ என்றால் அத்தனை வள்ளம் தானியம் விதைக்கும் நிலம். இதை நாட்டுப்புறத்தாரின் தோராயக் கணக்கு என்று தள்ளிவிடுவது பிழை. நல்ல மண்ணில் விதை விழும் நெருக்கம் வேறு, சரளை மேட்டில் வேறு. ஆகவே வள்ளம் என்ற ஒரே அளவுக்குள் பரப்பும் மண்ணின் குணமும் ஓரளவு சேர்ந்தே அடங்கியிருந்தன. மண் எப்படி என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவை குறைவு.

ரீட் தொடங்கிவைத்த நில அளவை இந்தச் சேர்க்கையைப் பிரித்தது. ஏக்கர் எங்கும் ஒரே ஏக்கர். பென்னாகரத்துப் பாறைச் சரிவில் ஓர் ஏக்கரும் ஏரிப் பாசனத்தில் ஓர் ஏக்கரும் சங்கிலிக்கு ஒன்றே. (மன்றோ பின்னர் கடப்பை, பெல்லாரிச் சீமைகளை அளந்தபோது பயன்பட்டது 33 அடிச் சங்கிலி; அதன் சதுரம் ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு.) அளவிலிருந்து வெளியேறிய மண்ணின் குணத்தை வரிக்கணக்குக்குள் திரும்பக் கொண்டுவரச் சொற்கள் வேண்டியிருந்தன. வகைப்படுத்தும் சொற்கள் பெருகியதற்கு அறிவியல் ஆர்வத்தைவிட இந்தத் தேவையே முதல் காரணம் என்பது என் கருத்து.

சோழர் காலமும் இதற்குச் சான்று தருகிறது. முதலாம் இராசராசன் காலத்தில் கோல்கொண்டு நிலம் அளந்தார்கள். காவிரிப் படுகைக் கல்வெட்டுகளில் நிலங்கள் தரம் இட்டுக் குறிக்கப்படுகின்றன. தரம் இடப்படாதவை ‘தரமிலி’ எனப்படுகின்றன. அங்கும் கோல் வந்த இடத்தில் தரமும் வந்திருக்கிறது. தரம் என்ற இந்தச் சொல்லே எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆங்கில ஆவணங்களில் மீண்டும் தலைகாட்டுகிறது.

இடையில் ஒரு தடங்கல். 1799-இல் ரீட் விலகினார். மன்றோவும் கனரா சீமைக்கு மாற்றப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் நிலையான வரித்திட்டம் வந்து, சேலம் சீமை மிட்டாக்களாகக் கூறுபோட்டு விற்கப்பட்டது. மிட்டாதாரருக்குப் புலவாரித் தரம் தேவையில்லை. மொத்தத் தொகை கட்டினால் போதும். பல மிட்டாக்கள் பாக்கியில் முறிந்து அரசிடமே திரும்பின. எஞ்சியவற்றுக்கு 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ரயத்துவாரித் தீர்வை வந்தது.

வகைப்பாட்டுச் சொற்கள் இன்றைய வடிவில் இறுகியது 1858-இல் சென்னை மாகாண அளவைத் துறை தொடங்கிய பிறகு. நிர்ணய அதிகாரிகள் முதலில் மண்ணை நிறத்தாலும் பிறப்பாலும் பெரும் வரிசைகளாக்கினார்கள்: வண்டல், கரிசல், செம்மண், மணற்பாங்கு. ஒவ்வொன்றிலும் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பார்த்துக் களி, கலப்பு, மணல் எனப் பிரித்தார்கள். இப்படி வந்த பிரிவு ‘கிளாஸ்’. அதற்குள் மிக நல்லது முதல் மிக மட்டம் வரை ஐந்து படிகள், இது ‘சார்ட்’. முன்னதைக் கையில் பிசைந்து பார்த்துச் சொல்லலாம். பின்னதற்கு விளைச்சல் தெரிய வேண்டும். தமிழ்ப் பதிவேட்டில் கிளாஸ் வயனம் ஆனது, சார்ட் ரகம் ஆனது.

ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒரே குணம் உடையவை அல்ல. ‘கிளாஸ்’ ரோமானியர் குடிமக்களைச் சொத்துமதிப்பின்படி அடுக்கிய பிரிவின் பெயரிலிருந்து வந்தது. வரிக்கும் படைச்சேவைக்குமான அடுக்கு அது. மன்றோவின் வாரிசுகள் கையில் அது பழைய வேலைக்கே திரும்பியிருக்கிறது. ‘சார்ட்’ என்பதன் வேர் சீட்டுக் குலுக்கலைக் குறிக்கும் இலத்தீன் சொல். தங்கள் புலம் எந்த ரகத்தில் விழுந்தது என்று காத்திருந்த குடியானவர்களுக்கு அதன் பொருத்தத்தை விளக்க வேண்டியிருந்திருக்காது.

மூன்றாவது அடுக்குக்குத்தான் ஆங்கிலேயர் தம் சொல்லைத் தேடாமல் ‘தரம்’ என்றே எழுதினார்கள். வயனமும் ரகமும் மண்ணைப் பற்றிய கூற்றுகள். தரம் பணத்தைப் பற்றியது. ஒவ்வொரு மண்ணின் தானிய விளைச்சலையும் மதிப்பிட்டு, பருவம் பொய்ப்பதற்கும் சாகுபடிச் செலவுக்கும் கழித்து, மீதத்தில் பாதியை அரசின் பங்காக வைத்துப் பணமாக்கினார்கள். 1864 முதல் இந்தப் பாதிக் கணக்கே விதி. செம்மண் ஒன்றும் கரிசல் ஒன்றும் ஒரே தீர்வைக்கு வந்தால் அவை ஒரே தரம். மண் பணமாக மாறும் இடத்தில் குடியானவருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் பழகிய சொல்லே நின்றது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். தீர்வை குறித்து வழக்காட வருபவர் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே எண் அதுதான்.

தருமபுரியைப் பொறுத்தவரை இந்த அடுக்குகளில் மிக உறுதியானதும் மிகப் பழசாகிப்போனதும் புன்செய் என்ற வகைதான். குடியானவர் தம் செலவில் கிணறு வெட்டித் தோட்டக்கால் ஆக்கினால் அதற்காகத் தீர்வையை உயர்த்துவதில்லை என்பதை மாகாண அரசு கொள்கையாக ஏற்றது. இது நல்ல ஏற்பாடு. வறண்ட மேட்டுநிலத்தில் கிணறு பெருக இது உதவியிருக்க வேண்டும். ஆனால் அதன் விளைவாக, ராகியும் சாமையும் கொள்ளும் விளைந்த மானாவாரிக் கொல்லை கிணற்றாலும், பின்னர் ஆழ்துளைக் கிணற்றாலும் மாறியபோது பதிவேட்டுச் சொல் மாறவில்லை. பாலக்கோடு பக்கம் தக்காளி விளையும் நிலம் கணக்கில் புன்செய்யாகவே நிற்கும். 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் ஏக்கரை ஹெக்டேராக்கியது. உரிமையாளர் பெயர்களைத் திருத்தியது. மண்ணை மறுபடி பிசைந்து பார்ப்பது அதன் வேலை அல்ல. கணினியில் இன்று வரும் வயனமும் ரகமும் பழைய நிர்ணயத்தின் வாரிசுகளே.

புறம்போக்கின் கட்டங்கள் வேறு விதம். ஏரி, ஓடை, மேய்ச்சல் தரை, சுடுகாடு: தீர்வை இல்லாததால் வயனம், ரகம், தரம் மூன்று இடத்திலும் வெறும் கோடு. சோழர் காலத் தரமிலி ஒருவகையில் இங்கே தொடர்கிறது. ஆனால் தீர்வைக்கு அகப்படாத நிலத்தில் நிற்கும் புளியமரமும் மாமரமும் கணக்கிலிருந்து தப்பவில்லை. அவற்றின் பலனை அனுபவிப்பவருக்குத் தரும் மரப்பட்டாவுக்கு ‘2-சி’ என்று தனிக் கிராமக் கணக்கு இருக்கிறது. நிலத்துக்குத் தரம் இல்லை. மரத்துக்குப் பட்டா உண்டு.