ஒரே நோட்டு, இரண்டு அச்சகம்

பழைய நோட்டு சேர்ப்பவர் கையில் 1944 வரிசை ஜெர்மானிய ராணுவ மார்க் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை மார்க் என்று அப்புறம்தான் பார்ப்பார். முதலில் தேடுவது வரிசை எண்ணை. எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருக்கிறதா? அடுத்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, முன்பக்கத்து வலது கீழ் மூலையின் பூவேலைக்குள் புகுந்துவிடுவார். அங்கே ஒரு குட்டி 'எஃப்' எழுத்து ஒளிந்திருக்க வேண்டும். இருந்தால் அது அமெரிக்க அச்சு, இல்லையென்றால் சோவியத் அச்சு. கோட்டை மட்டும் நம்ப முடியாது. கோடும் எஃப்பும் சேர்ந்தே இருக்கும் நோட்டுகளும் உண்டு. அவை அமெரிக்காவில் அச்சில் கெட்டுப்போன தாள்களுக்குப் பதிலாக அடித்தவை.

இந்த நோட்டுகளில் யாருடைய படமும் இல்லை, யாருடைய கையெழுத்தும் இல்லை. 'நேச நாடுகளின் ராணுவ நிர்வாகம்' என்று ஜெர்மன் மொழியில் போட்டிருக்கும், அவ்வளவுதான். ½ மார்க்கிலிருந்து 1000 மார்க் வரை வெளியிட்டார்கள். ஜெர்மனிக்குள் நுழையும் படைகள் செலவு செய்யப் பணம் வேண்டுமே, அதற்காகத்தான். பாஸ்டன் பக்கத்தில் இருந்த ஃபோர்ப்ஸ் என்ற அச்சகம் அடித்துக் கொடுத்தது. அந்த எஃப் அவர்கள் தங்கள் பெயருக்காகப் போட்டுக்கொண்ட முதல் எழுத்துதான்.

சோவியத் தரப்பு, "எங்கள் பகுதிக்கு வேண்டியதை நாங்களே அச்சடித்துக்கொள்கிறோம், அச்சுத் தகடுகளைக் கொடுங்கள்" என்று கேட்டது. அமெரிக்க அச்சுத் துறைத் தலைவர் ஆல்வின் ஹால் அடியோடு மறுத்தார். இரண்டு இடத்தில் அச்சடித்தால் கணக்கு யார் வைப்பது என்பது அவர் கேள்வி. நிதியமைச்சர் மார்கன்தாவ் கொடுக்கச் சொல்லிவிட்டார். 1944 ஏப்ரல், மே மாதங்களில் தகடுகள் கைமாறின. தராவிட்டால் மாஸ்கோ தனக்கென்று வேறு நோட்டு அடிக்கும், ஜெர்மனியில் முதல் நாளே இரண்டு பணம் ஓடும் என்ற கவலை வாஷிங்டனில் இருந்தது.

சரி, பெர்லினுக்கு வருவோம். 1945 கோடை. பல சோவியத் வீரர்களுக்குப் பல மாத, சிலருக்குப் பல வருடச் சம்பள பாக்கியை இந்த மார்க்குகளாகக் கொடுத்தார்கள். ஊருக்குப் போய் அதை ரூபிளாக மாற்ற முடியாது. அங்கேயே செலவழித்தால்தான் உண்டு. அமெரிக்க வீரனுக்கோ 10 மார்க் கொடுத்தால் ராணுவமே 1 டாலர் தரும், அதை அவன் வீட்டுக்கு அனுப்பலாம். பிறகு என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். நம்மூர் மிலிட்டரி கேன்டீன் மாதிரி அவர்களுக்கும் உண்டு. அங்கே அரை டாலருக்கு வாங்கிய ஒரு கார்ட்டன் சிகரெட், கள்ளச்சந்தையில் 1000 மார்க்குக்கு மேல் போனது. அதாவது 100 டாலர்! மிக்கி மவுஸ் படம் போட்ட கைக்கடிகாரங்கள் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போயின. 1945 ஜூலையில் பெர்லினில் இருந்த அமெரிக்க வீரர்கள் வாங்கிய சம்பளம் சுமார் 10 லட்சம் டாலர், வீட்டுக்கு அனுப்பியது சுமார் 30 லட்சம் டாலர்.

இதற்கெல்லாம் அச்சுத் தகட்டைக் கொடுத்ததுதான் காரணம் என்று பிற்பாடு அமெரிக்காவில் பெரிய கூச்சல் எழுந்தது. 1947-ல் செனட் விசாரணையே நடந்தது. நிதித்துறை அதிகாரி ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் மேல் உளவுக் குற்றச்சாட்டு வந்தபோது இந்தத் தகடுகளையும் அதோடு சேர்த்துப் பேசினார்கள். எனக்கு அந்த வாதம் பாதிதான் சரியாகப் படுகிறது. சோவியத் எத்தனை நோட்டு அடித்தாலும் அதற்கு டாலர் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. டாலர் போனது அமெரிக்க ராணுவத்தின் சொந்த கவுண்டர் வழியாக. 1945 நவம்பரில் வீரர்களுக்குக் கணக்குப் புத்தகம் கொடுத்துக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள். 1946 செப்டம்பரில் வீரர்களுக்கு மட்டுமான தனி ராணுவச் சீட்டு வந்த பிறகுதான் ஓட்டை அடைபட்டது. தகடுகள் அப்போதும் சோவியத் கையில்தான் இருந்தன! அதற்குள் ராணுவம் கொடுத்த சம்பளத்தைவிட மாற்றிக் கொடுத்த டாலர் சுமார் 25 கோடி அதிகமாகிவிட்டது.

ஜெர்மானியர் பாடுதான் பரிதாபம். மாதம் 200 மார்க் அளவில் சம்பளம் வாங்கியவருக்கு, ஒரு கார்ட்டன் சிகரெட் என்பது ஐந்து மாத உழைப்பு. அதனால் சிகரெட்டே பணமாகிவிட்டது. புகைக்காதவர்களும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

1948 ஜூன் 20 அன்று மேற்குப் பகுதியில் டாய்ச் மார்க் வந்தது. ஆளுக்கு முதலில் 40 புது மார்க். மறுநாளே கடை ஜன்னல்களில் அதுவரை காணாத சாமான்கள் முளைத்தன. நான்கு நாளில் பெர்லின் முற்றுகை தொடங்கியது, அது தனிக்கதை. ராணுவ மார்க் செல்லாக்காசானது. ½ மார்க்குக்கும் 1 மார்க்குக்கும் மட்டும் கொஞ்ச நாள் ஆயுள் கிடைத்தது. சில்லறை போதாததால் பத்தில் ஒரு பங்கு மதிப்பில் ஓடவிட்டார்கள். நேற்றுவரை 1 மார்க் என்றிருந்த நோட்டுக்கு இன்று 10 ஃபெனிக்.

சேகரிக்க ஆரம்பிப்பவர்களுக்கு இந்தச் சின்ன நோட்டுகள்தான் மலிவு. கோடு இல்லாததில் ஒன்று, கோடு போட்டதில் ஒன்று என்று வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எஃப்பைத் தேட நல்ல வெளிச்சம் வேண்டும், சுருள்கோடுகளுக்குள் சுலபத்தில் கண்ணில் படாது.