கணக்குக் கேட்ட குரல்



பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்ற பண்ருட்டி எங்கள் ஊர். பலாப் பருவத்தில் இங்குள்ள மண்டிக்கு வந்தீர்களானால் ஒரு காட்சியைக் காணலாம். விடியற்காலையில் தோப்புக்காரர் பழங்களைக் கொண்டுவந்து இறக்குகிறார். விலை பேசி முடிகிறது. சீட்டு எழுதப்படுகிறது. ஏற்று கூலி எவ்வளவு, தரகு எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்று வரிவரியாகப் பார்த்த பின்னரே அவர் பணத்தை மடியில் வைத்துக் கட்டுகிறார். அதைக் கண்டு மண்டிக்காரர், 'என்மீது நம்பிக்கை இல்லையா?' என்று சினம் கொள்வதில்லை. கணக்குக் கேட்பது பகைமை அன்று. பொருளுக்கு உரியவனின் உரிமை என்பதை இருவரும் அறிவர்.

தோப்புக்கு உரியதாகிய இந்த நியாயம் நாட்டுக்கும் உரியது. நாம் செலுத்தும் வரிப்பணம் நம்முடைய பொருள். அதற்குக் கணக்குக் கேட்பவர் யார்? நாம் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினரே கேட்க வேண்டும். ஆனால், பாராளுமன்ற உறுப்பினர் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது மேடையும் மாலையும் முழக்கமுமே. அறைக்குள் அமர்ந்து, கனத்த அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, 'இந்தச் செலவுக்குக் காரணம் என்ன?' என்று வினவும் பணி நம் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பணியைத் தம் வாழ்நாள் நெறியாகக் கொண்ட தமிழர் ஒருவரைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அவர் பெயர் இரா. செழியன்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன், இந்நெறி தமிழகத்துக்குப் புதியதன்று என்பதைக் கூறிவிடுகிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை அவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்னும் குழுக்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தெரிந்தெடுத்த விவரம் அவற்றில் உள்ளது. பாடப் புத்தகத்தில் குடவோலையைப் படிக்கிறோம், அதனோடு நின்றுவிடுகிறோம். அக்கல்வெட்டில் அதனினும் அரிய விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரைக் குடத்தில் இடலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ச் சபை விதித்த தகுதி இது!

இரா. செழியன் 1923-ஆம் ஆண்டில், அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கண்ணபுரத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சீனிவாசன். தமிழக அமைச்சராக விளங்கிய நாவலர் நெடுஞ்செழியன் இவருடைய தமையனார். இருவரும் நம் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். திராவிட இயக்கத்தின் இளைஞர் பலர் அக்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தில் உருவானார்கள். அந்த வகையில் கடலூர் மாவட்டத்து மாணவர்களாகிய உங்களுக்கு இவர் அயலார் அல்லர்.

1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பெரம்பலூரிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1967-இலும் 1971-இலும் கும்பகோணம் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். பின்னர் 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். ஈரவைகளிலும் சேர்த்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அவருடைய கட்சி அரசியலை நான் இங்கே பேசப் புகவில்லை. எக்கட்சியினரும் கற்க வேண்டிய ஒரு பாடம் அவர் வாழ்வில் உண்டு, அதையே பேசுகிறேன்.

1971 முதல் 1973 வரை அவர் பாராளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவின் தலைவராகப் பணியாற்றினார். அது என்ன குழு? இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இத்தகைய குழு 1861-இல் தோன்றியது. இந்தியாவில் 1921-இல் ஏற்பட்டது. அந்நியர் ஆட்சியில் நிதித்துறையை நடத்தியவரே இக்குழுவின் தலைவராகவும் இருந்தார். செலவு செய்பவரே கணக்குக் கேட்பவராகவும் இருந்தால் கேள்வி எப்படிக் கூர்மை பெறும்? குடியரசு மலர்ந்த 1950-இல் அந்நிலை மாறிற்று. குழு அவைத்தலைவரின் மேற்பார்வையில் வந்தது. 1967 முதல் எதிர்வரிசையைச் சேர்ந்த ஒருவரையே அதன் தலைவராக நியமிப்பது மரபாயிற்று. முதலில் மினு மசானி, அடுத்து அடல் பிகாரி வாஜ்பாய், அவருக்குப் பின் செழியன்.

இக்குழுவில் மக்களவையினர் பதினைவரும் மாநிலங்களவையினர் எழுவருமாக இருபத்திரண்டு பேர் உள்ளனர். அமைச்சர் எவரும் இதில் உறுப்பினராக இருத்தல் இயலாது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளிக்கும் அறிக்கைகளே இவர்களுக்கு அடிப்படை. துறைச் செயலாளர்களை நேரில் வரவழைத்து வினவுகிறார்கள். இவர்கள் வினவுவது என்ன? பாராளுமன்றம் ஒப்புதல் அளித்த அளவுக்கு மேல் செலவாகியிருக்கிறதா? எந்தக் காரியத்துக்கென்று பணம் தரப்பட்டதோ, அந்தக் காரியத்துக்கே அது சென்றதா? செலவுக்கு ஏற்ற பயன் விளைந்ததா? விடைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதி அவையின் முன் வைக்கிறார்கள். பரிந்துரைகளின்மீது அரசு என்ன செய்தது என்பதையும் பின்னர்க் கேட்கிறார்கள். இவ்விசாரணை மூடிய அறைக்குள் நடைபெறுகிறது. அங்கே கைதட்டல் இல்லை. ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரே அறிக்கையில் உடன்பட வேண்டும்.

1971 தேர்தலில் ஆளுங்கட்சி மக்களவையில் 352 இடங்களை வென்றிருந்தது. செழியன் சார்ந்திருந்த கழகமும் அத்தேர்தலில் அதனோடு உடன்பாடு கொண்டிருந்தது. வலிமை மிக்க அரசு, அதனோடு தோழமை கொண்ட கட்சி. ஆயினும் தலைவராக அமர்ந்தவரின் கடமை கணக்குக் கேட்பதுதான். நண்பரிடமும் கணக்குக் கேட்க வேண்டும் என்பதே அந்த நாற்காலியின் இலக்கணம்.

கேள்விக்கே இடமில்லாத காலம் ஒன்று விரைவில் வந்தது. 1975-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் இரவில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் காலையில் பிரதமர் வானொலியில் பேசினார். அப்போது நான் பள்ளி மாணவன். வானொலிச் செய்தியைக் கேட்டு என் தந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்ததுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. ஜூலைத் திங்களில் பாராளுமன்றம் கூடியபோது வினா நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். நாளிதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. நெருக்கடி நிலையை எதிர்த்து நின்றவர்களுள் செழியனும் ஒருவர். வினா நேரம் என்பது ஏதோ ஒரு மணி நேரச் சடங்கு என்று நாம் எண்ணக்கூடாது. மக்களின் குரல்வளை அது என்பதை அந்த ஆண்டுகள் நாட்டுக்கு உணர்த்தின.

நெருக்கடி நிலை நீங்கிய பின், 1977-ஆம் ஆண்டு மே மாதத்தில், அக்காலத்து அத்துமீறல்களை விசாரிக்க நீதியரசர் ஜே.சி. ஷா தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அது 1978-இல் மூன்று பகுதிகளாக அறிக்கை தந்தது. விசாரணையின்றிச் சிறையில் அடைத்தமை, வீடுகளை இடித்தமை, வற்புறுத்திக் குடும்பக் கட்டுப்பாடு செய்தமை ஆகிய அனைத்தும் அதில் சான்றுகளோடு பதிவாயின. ஆனால் 1980-இல் ஆட்சி மாறிய பின்னர் அவ்வறிக்கையின் படிகள் கிடைப்பது அரிதாயிற்று. முப்பது ஆண்டுகள் கழிந்தன. தம்மிடம் இருந்த அறிக்கையை 2010-ஆம் ஆண்டில் செழியன் நூலாகப் பதிப்பித்து வெளியிட்டார். 'தொலைந்தது, மீண்டது' என்ற பொருள்பட அதற்குத் தலைப்பிட்டார். அப்போது அவருக்கு அகவை எண்பத்தேழு. கேள்வி கேட்பது பாதிக் கடமை. கிடைத்த விடை அழிந்து போகாமல் காப்பது மறு பாதி. இரண்டையும் செய்தவர் அவர்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினரும் தம் தொகுதியில் செய்ய வேண்டிய பணிகளைப் பரிந்துரைக்க நிதி ஒதுக்கும் திட்டம் 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. அத்தொகை பின்னாளில் ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாயாக உயர்ந்தது. செழியன் இதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். அரசின் செலவை ஆராய வேண்டிய உறுப்பினர் தாமே செலவில் பங்கு கொண்டால், ஆராய்ச்சி என்னாவது என்பதே அவர் கவலை. இதற்கு மறுபக்கமும் உண்டு. இத்திட்டத்தால் வகுப்பறையும் குடிநீரும் பெற்ற சிற்றூர்கள் பல. உச்ச நீதிமன்றமும் 2010-இல் இத்திட்டம் அரசியல் சட்டத்துக்கு மாறானதன்று என்றே தீர்ப்பளித்தது. யார் பக்கம் நியாயம் என்பதை நீங்கள் உங்கள் சொற்போர் மன்றத்தில் ஆராயுங்கள். செழியன் எழுப்பிய கேள்வி மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இவரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதியால் பேசவில்லை, என் பிழை ஒன்றினால் பேசுகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றில், 2009-ஆம் ஆண்டில், மாதிரிப் பாராளுமன்றம் நடத்தினோம். ஆசிரியர் ஒருவர் வசனங்களை எழுதிக் கொடுத்திருந்தார். எதிர்க்கட்சித் தலைவராக நடித்த பதினோராம் வகுப்பு மாணவன் எழுந்தான். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, "ஆண்டு விழாவின்போது நூலகத்துக்கு என்று திரட்டிய நன்கொடை என்ன ஆயிற்று?" என்று கேட்டான். அவையில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சினம் எழுந்தது. "உட்காரடா!" என்றேன். அவன் உட்கார்ந்தான். மாதிரிப் பாராளுமன்றம் அன்றோடு முடிந்தது.

அன்று மாலை கணக்கேட்டை எடுத்துப் பார்த்தேன். எவரும் ஒரு காசும் கையாடவில்லை. ஆனால், புத்தக அலமாரிக்கென்று ஊரார் தந்த பணம் விழாப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவாகியிருந்தது. அதன் கீழே என் கையொப்பம் இருந்தது. படித்துப் பாராமல் இட்ட கையொப்பம்! எந்தக் காரியத்துக்கென்று பணம் தரப்பட்டதோ, அந்தக் காரியத்துக்கே சென்றதா என்று டில்லியில் இருபத்திரண்டு பேர் கூடிக் கேட்கும் கேள்வியை, எங்கள் பள்ளியில் பதினாறு வயதுச் சிறுவன் தனியாக நின்று கேட்டிருந்தான். தவறு என்று தெரிந்த பிறகும் அவனிடம் அதை ஒப்புக்கொள்ளும் துணிவு எனக்கு வரவில்லை.

ஓரிரு ஆண்டுகளுக்குப் பின், செழியன் வெளியிட்ட அந்நூலை நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கிப் படித்தேன். முதியவர் ஒருவர் இத்தனை ஆண்டுகள் ஓர் அறிக்கையைக் காத்து வைத்திருக்கிறார். நானோ ஓர் ஏட்டைத் திறந்து காட்ட அஞ்சினேனே என்று என் நெஞ்சம் சுட்டது. அந்த ஆண்டு முதல், பள்ளிக்கு வந்த நன்கொடையையும் செலவையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தேன். நூலகத்துக்கு அலமாரியும் வந்தது. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் செழியன் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தபோது, காலை வணக்கக் கூட்டத்தில் அவரைப் பற்றிச் சில சொற்கள் பேசினேன். அந்த மாணவனின் கேள்வியைப் பற்றியும் அன்றுதான் முதன்முறையாக வாய் திறந்தேன்.

நான் ஓய்வு பெற்ற பின், அவனைப் பண்ருட்டிக் கடைத்தெருவில் கண்டேன். இப்போது முந்திரி வணிகர் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறான். "தம்பி, அன்று நீ கேட்டது சரி, நான் அதட்டியது தவறு" என்றேன். அவன் சற்று நேரம் தலை குனிந்து நின்றான். பிறகு, "ஐயா, அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் நான் எழுந்து பேசியதில்லை" என்றான். என் அதட்டலின் விலை என்ன என்பதை அன்று அறிந்தேன்.

ஆகவே, மாணவச் செல்வங்களே! பாராளுமன்றம் டில்லியில் மட்டும் இல்லை. உங்கள் ஊர்க் கிராம சபையும் ஒரு மன்றமே. குடியரசு நாளிலும், மே முதல் நாளிலும், விடுதலை நாளிலும், காந்தியடிகள் பிறந்த நாளிலும் அது கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்படுகிறது. பதினெட்டு வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் பெற்றவர் அனைவரும் அதன் உறுப்பினர். அந்த வயது வரும்வரை, உங்கள் பெற்றோருடன் சென்று ஓரமாக நின்று கேளுங்கள். வயது வந்ததும் எழுந்து நின்று, பணிவான சொற்களில், தெளிவான ஒரு கேள்வியைக் கேளுங்கள். யாரேனும் அதட்டினால் உட்கார்ந்துவிடாதீர்கள். அதட்டியவர் அன்று மாலை வீடு சென்று, தம் ஏட்டைத் திறந்து பார்ப்பார். இதை அனுபவத்தில் அறிந்தவன் கூறுகிறேன்.