பழைய மோட்டாரின் தோல் ஆசனம்

வரலாற்றுச் சின்னங்கள் என்றவுடன் கோட்டைகளையும் செப்பேடுகளையுமே நாம் எண்ணுகிறோம். ஆனால் மக்கள் நாள்தோறும் கையாண்ட பொருள்களும் தம் காலத்தின் சான்றுகளே. பழைய ஸ்போர்ட்ஸ் மோட்டாரில் இயந்திரத்தின் உறுப்புக்களைப் புதிதாகச் செய்து பொருத்திவிடலாம். ஓட்டியவர் உடல் பட்டுத் தேய்ந்த தோல் ஆசனத்தை அவ்வாறு மீண்டும் படைக்க இயலாது. ஆகவே அதனைச் செப்பனிடுகையில், எதைக் காப்பது, எதை மாற்றுவது என்ற வினா எழுகிறது.

மோட்டாருக்குத் தோல் வந்தது குதிரை வண்டியின் வழியாகத்தான். மழையையும் புழுதியையும் தாங்க வேண்டிய திறந்த வண்டிகளுக்குத் தோல் மெத்தையே ஏற்றதாயிருந்தது. வண்டிகளுக்கு மெத்தை தைத்த கைவினை மரபே மோட்டாருக்கும் வந்து சேர்ந்தது. 1878ஆம் ஆண்டில் லண்டனில் கானலி சகோதரர்கள் தொடங்கிய தோல் தொழில் இதற்கு நல்ல சான்று. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் ஆசனங்களுக்கும், ‘குயீன் மேரி’ கப்பலுக்கும், ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் முதலிய மோட்டார்களுக்கும் அந்நிறுவனம் தோல் வழங்கியது. 1948இல் லண்டன் கண்காட்சியில் ஜாகுவார் எக்ஸ்.கே. 120 வண்டியும், 1961இல் ஜெனீவாவில் ஈ-டைப் வண்டியும் வெளிவந்தபோது, அவற்றின் வேகத்தோடு ஆசனங்களின் அழகும் பலரைக் கவர்ந்தது. 2002ஆம் ஆண்டில் கானலியின் பழைய தோல் தொழில் மூடப்பட்டது. அக்காலத் தோலாக இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் பழைய வண்டிகளில் உள்ளதே.

தோல் கெடுவது எவ்வாறு? தோல் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். பதனிடும்போது மரப்பட்டைச் சாறோ குரோமிய உப்போ அந்நார்களுடன் இணைந்து அவற்றை அழுகாமல் காக்கிறது. பின்னர் ஊட்டப்படும் எண்ணெய், நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வளைந்து கொடுக்கச் செய்கிறது. வெயிலும் வெப்பமும் ஆண்டுக்கணக்கில் தாக்க, தோல் வறண்டு சுருங்குகிறது. மேலுள்ள நிறப்பூச்சு வெடிக்கிறது. ஸ்போர்ட்ஸ் மோட்டார் தாழ்வாக அமைந்திருத்தலின், ஏறி இறங்குவோர் ஆசனத்தின் வெளிவிளிம்பில் உராய்ந்தே செல்ல வேண்டும். அவ்விளிம்பே முதலில் தேய்கிறது.

செப்பனிடுவோர் முதலில் பொறுமையைக் கைக்கொள்ள வேண்டும். எது தோல், எது தோல்போன்ற செயற்கைத் துணி என்று பிரித்தறிதல் முதற்பணி. செயற்கைத் துணிக்கு எண்ணெயூட்டிப் பயனில்லை. பின்னர் மென்மையான சோப்பு நுரையும் ஈரத் துணியும் கொண்டு அழுக்கை நீக்க வேண்டும். தோலை நனைத்து ஊறவிடலாகாது. அடுத்து, தோலுக்குரிய களிம்பை மெல்லியதாகத் தடவிச் சில நாட்கள் விட்டு மீண்டும் தடவ வேண்டும். கிழிசலுக்குப் பின்புறம் துணி வைத்து ஒட்டுவர். விட்டுப்போன தையலைப் பழைய துளைகளின் வழியே மீண்டும் தைப்பர். புதுத் துளைகள் தோலின் வலுவைக் குறைக்கும். நிறம் பூச நேரின், வெயில் படாத மடிப்பிலோ ஆசனத்தின் அடியிலோ உள்ள பழைய நிறத்தையே அளவாகக் கொள்வர்.

இம்முயற்சிக்கும் எல்லையுண்டு. பட்டைச் சாற்றால் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தகப் புகையால் சிவந்த பொடியாக உதிர்வதுண்டு. அந்நிலையை அடைந்த தோலுக்குப் பழைய வலிமை மீள்வதில்லை. அங்கே புதுத் தோல் தைப்பதே தகும்.

ஆயினும் மீட்கத்தக்க தோலையும் அகற்றிவிட்டு, வண்டியைப் புத்தம் புதியதாகக் காட்ட விரும்புவோர் பலர். கட்டடச் சின்னங்களைப் பேணுவதற்கு 1964இல் வெனிஸ் சாசனம் வகுத்த நெறிகளைத் தழுவி, பழம் வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் டூரின் சாசனத்தை 2013இல் உறுதிசெய்தது. எஞ்சியுள்ள மூலப்பொருளைக் காப்பதே முதன்மையானது என்பதும், செய்த வேலைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதன் கருத்து.

புதுத் தோலை எப்போது வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். எறிந்துவிட்ட பழந்தோலைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே மாற்றியே தீரவேண்டிய இடத்திலும், நீக்கிய தோலில் ஒரு துண்டையேனும் பாதுகாத்து வைப்போமாக. அக்காலக் கைவினையைப் பின்வருவோர் அறிய அதுவே சான்றாகும்.