மாதர் சங்கங்கள்: பேச வந்தவர்களும் பேசக் கற்றவர்களும்

முன்னாள் மாணவியர் சந்திப்பு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுத் தோழியர் வீட்டுக்கு வந்தபோது, "சமையல் குறிப்பு எழுதட்டுமா?" என்றுதான் முதலில் கேட்டேன். "அதுக்கு ஆள் இருக்கு. நீ உங்க முதலியார்பேட்டை மாதர் சங்கத்தைப் பத்தி எழுது" என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சங்கம் சின்னது. அதை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆகவே இத்தகைய சங்கங்கள் வந்த வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு உறவினரை அழைத்துக்கொண்டு போனவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அதன் பெயரோடு 'டபிள்யூ.ஐ.ஏ.' என்று மூன்று எழுத்துகள் சேர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ டாக்டர் பட்டம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு மாதர் சங்கத்தின் பெயர்! 1917 மே 8 அன்று அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம்தான் அது. அன்னி பெசன்ட் அம்மையார் தலைவி. அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்று நடத்தினார்கள்.

அவர்கள் ஆரம்பத்தில் கேட்டது பெண் கல்வி. 1917-ல் இந்திய மந்திரி மாண்டேகு அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்க வந்தார். பெண்கள் கல்வி பற்றிப் பேச நேரம் கேட்டார்கள். அரசியல் விஷயமாக வரும் குழுக்களை மட்டுமே பார்க்க முடியும் என்று பதில் வந்தது. "அப்படியா, சரி" என்று வாக்குரிமையையும் மனுவில் சேர்த்துவிட்டார்கள்! அந்த டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது. 1921-ல் சென்னை மாகாணச் சட்டசபை, சொத்துத் தகுதி உடைய பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. அதாவது, பக்கத்துக் கடலூரில் சில பெண்களுக்காவது ஓட்டு வந்துவிட்டது. நம் ஊரை ஆண்ட பிரெஞ்சு நாட்டிலோ, பெண்களுக்கு அந்த உரிமை வந்தது 1944-ல்தான்.

அதே சங்கத்தின் முயற்சியால் 1926-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிறகு அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அந்த அம்மையார் மனத்தில் ஆறவே இல்லை. மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. மாதர் சங்கம் என்றால் வம்பு பேசும் இடம் என்று கேலி செய்பவர்களுக்கு இதை விட வேறு பதில் தேவையில்லை.

நம் புதுவைக்கும் இதில் பங்குண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார் அல்லவா? புதுச்சேரியில் கூடிய பெண்கள் கூட்டம் ஒன்றில் அவர் மகள் தங்கம்மாள் நிகழ்த்திய உபந்நியாசம் என்ற குறிப்போடு, பெண் விடுதலை பற்றிய ஒரு கட்டுரை பாரதியார் கட்டுரைகளில் இருக்கிறது. தங்கம்மாள் பிறந்தது 1904-ல். ஆகவே அன்றைய பேச்சாளர் பதினான்கு வயதைத் தாண்டாத ஒரு சிறுமி!

இன்று நாம் 'கிளப்' என்று சொல்லும் வகை வேறு வழியில் வந்தது. ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியர் 1924-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொடங்கியது இன்னர் வீல். ரோட்டரியின் சின்னம் சக்கரம். அதனுள் இருக்கும் சக்கரம் இது. இந்தியாவுக்கு 1955-ல் வந்தது. ரோட்டரி சங்கமே தன் விதிகளை மாற்றிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1989-ல்தான். கணவரின் பெயரைச் சொல்லி உள்ளே வந்த பெண்கள், தங்கள் பெயரைச் சொல்லி உட்கார அத்தனை காலம் ஆயிற்று.

இனி எங்கள் கதை. முதலியார்பேட்டையில் அந்நாளில் எல்லாம் ஏ.எஃப்.டி. மில் சங்கை வைத்துத்தான் நடக்கும். (2020-ல் மில்லையே மூடிவிட்டார்கள்.) பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் எங்கள் கூட்டம் பிற்பகல் இரண்டரை மணிக்கு. நோட்டுப் புத்தகம் வழங்குவது, கண் பரிசோதனை முகாம், தையல் வகுப்பு, மார்கழியில் கோலப்போட்டி, இவைதான் எங்கள் பணிகள். மாதம் ஒரு சிறப்புப் பேச்சாளர். பாங்க் அதிகாரி சேமிப்பு பற்றிப் பேசுவார், வக்கீலம்மா சொத்துரிமை பற்றிப் பேசுவார். பேசி முடித்ததும் பொன்னாடை, பிஸ்கட், காபி.

1994-ல் ஒரு லேடி டாக்டர் வந்து புற்றுநோய் பற்றிப் பேசினார். "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. காபி கொடுக்கும்போது, மில் தொழிலாளியின் மனைவியான ஒரு அக்கா, டாக்டரை ஓரமாக அழைத்து, "மூணு மாசமா மார்ல ஒரு கட்டி இருக்கும்மா. வலிக்கல. அதனால வீட்ல யார்கிட்டயும் சொல்லல" என்றார். டாக்டர் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அடுத்த வாரமே நாங்கள் இரண்டு பேர் அந்த அக்காவை பஸ்ஸில் அடையாறுக்கு அழைத்துப் போனோம். அன்றுதான் அந்த மூன்று எழுத்துகளின் பொருள் எனக்குத் தெரிந்தது.

ஆபரேஷன் ஆயிற்று. பிழைத்தார். மறு வருஷம் எங்கள் கூட்டத்தில் பேச்சாளர் அவர்தான். "எனக்குப் பேச வராதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருபது நிமிஷம் பேசினார். அன்று ஓரமாகப் போய்க் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேள்விகள் வந்தன.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். 1994 கூட்டத்தில் டாக்டரின் பெயர் இருக்கிறது. பொன்னாடை போர்த்தியவர், நன்றியுரை சொன்னவர், காபி செலவு எல்லாம் இருக்கிறது. அந்த அக்கா கேட்டது இல்லை. எழுதியவள் நான்தான்! முக்கியமானது எது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அன்புத் தோழிகளே! நம் சந்திப்புக்கும் சிறப்பு விருந்தினர் வருவார். வரட்டும், மாலை போடுவோம். ஆனால் கல்லூரி நாளில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்தவர்களுக்கும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் சொல்வதை யாராவது ஒருத்தி குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இந்த முறை நானே எழுதுகிறேன்.