கழுத்துத் தேய்மானம்: அறுவை சிகிச்சை எப்போது தேவை?

கழுத்து வலி வந்தால் பலரும் தைலம் தேய்ப்பார்கள், தலையணையை மாற்றுவார்கள், சில நாள்களில் மறந்தும்விடுவார்கள். ஆனால், தொல்லை மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால், அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்ற கேள்வி எழும். வலி எவ்வளவு என்பதைவிட, எது நசுங்குகிறது என்பதே அதற்கான விடையைத் தீர்மானிக்கிறது.

கழுத்தில் நடப்பது என்ன?

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. மேலே உள்ள முதல் இரண்டைத் தவிர, மற்றவற்றுக்கு இடையே ‘டிஸ்க்’ எனப்படும் மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. எலும்புகளின் நடுவிலுள்ள குழாய் போன்ற பாதையில் தண்டுவடம் இறங்குகிறது. கழுத்துப் பகுதியில் அதிலிருந்து 8 இணை நரம்புகள் பிரிகின்றன.

வயதாகும்போது வட்டுகள் நீர்ச்சத்தை இழந்து தட்டையாகின்றன. எலும்பின் ஓரங்கள் துருத்தி வளர்வதால் பாதை குறுகுகிறது. எம்ஆர்ஐ படத்தில் தேய்மானம் தெரிந்தும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்பவர்கள் ஏராளம். அதனால் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. நோயாளியின் அறிகுறிகளும் மருத்துவரின் பரிசோதனையும் அதனுடன் ஒத்துப்போக வேண்டும்.

நரம்பு நசுங்கினால்

தண்டுவடத்திலிருந்து பிரியும் நரம்பு நசுங்கும்போது, கழுத்திலிருந்து தோள், கை, விரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கும். மரத்துப்போதலும் இருக்கலாம். இரவில் தூங்க முடியாத அளவுக்கு வலித்தாலும், பெரும்பாலோருக்கு மருந்து, இயன்முறை சிகிச்சை ஆகியவற்றுடன் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குறைந்துவிடும். சிகிச்சைக்குப் பிறகும் வலி நீடித்தாலோ கையின் வலு குறைந்துகொண்டே போனாலோதான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும்.

தண்டுவடம் நசுங்கினால்

இதில் வலி குறைவாகவே இருக்கலாம். சிலருக்கு வலியே இராது. ஆபத்தும் அதில்தான் உள்ளது. சட்டைப் பொத்தானைப் போடுவது, சேலைக்கு ஊக்கு குத்துவது, சோற்றைப் பிசைந்து உண்பது, சில்லறைக் காசை எடுப்பது போன்ற வேலைகளில் விரல்கள் தடுமாறும். கையெழுத்து மாறும். நடை தள்ளாடும், படியிறங்கக் கைப்பிடி தேவைப்படும். பிறகு சிறுநீரை அடக்குவதும் கடினமாகலாம்.

இவற்றை முதுமை என்றோ, நீரிழிவால் வந்த மரப்பு என்றோ எண்ணிக் காலங்கடத்துவோர் உண்டு. கையை 10 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக மூடித் திறக்க முடிகிறது என்று மருத்துவர்கள் பார்ப்பதுண்டு. வழக்கமாக 20 முறை அளவுக்கு முடியும். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தால் மேல் பரிசோதனை தேவை.

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது?

கை, கால், உணர்வு, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு மொத்தம் 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். 15 முதல் 17 வரை லேசான பாதிப்பு. 12 முதல் 14 வரை நடுத்தரம். அதற்குக் கீழ் கடுமை. 2017ல் வெளியான அனைத்துலக வழிகாட்டி நெறிமுறைகள், நடுத்தர, கடுமையான பாதிப்புகளுக்கு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றன. லேசான பாதிப்புள்ளோர் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது மேற்பார்வையுடன் கூடிய மறுவாழ்வுப் பயிற்சியை மேற்கொள்ளலாம். பயிற்சியின்போது நிலை மோசமானால் அறுவை சிகிச்சையே வழி.

அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம், பாதிப்பு மேலும் கூடாமல் தடுப்பது. பலருக்கு ஓரளவு முன்னேற்றமும் கிடைக்கும். ஆனால், நெடுங்காலம் நசுங்கிக் கிடந்த தண்டுவடம் முழுமையாக மீளும் என்று உறுதி கூற முடியாது. தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதைக் குடும்பத்தினர் உணர வேண்டும்.

முன்கழுத்து வழியாக வட்டை அகற்றி எலும்புகளை இணைப்பது ஒரு முறை. பின்கழுத்து வழியாக எலும்பைத் திறந்து பாதையை அகலமாக்குவது மற்றொன்று. முன்வழி முறைக்குப் பிறகு சிலருக்கு விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் சிறிது காலம் இருக்கும். கிருமித்தொற்று, தோள் பலவீனம், அரிதாக நரம்புச் சேதம் ஆகிய அபாயங்களும் உள்ளன. புகைபிடித்தால் எலும்பு இணைவது தாமதமாகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நசுங்குவது நரம்பா, தண்டுவடமா? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? எந்த முறை, ஏன்? எவை சரியாகும், எவை சரியாகாமல் போகலாம்? எப்போது வேலைக்குத் திரும்பலாம்? இவற்றை எழுதிக்கொண்டு, குடும்பத்தினர் ஒருவருடன் செல்வது நல்லது. எலும்பு மருத்துவர், நரம்பியல் அறுவை மருத்துவர் ஆகிய இரு தரப்பினரும் இதைச் செய்வதால், இன்னொருவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் சென்றால், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பொது மருத்துவமனை நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். மீதிக் கட்டணத்தைச் சமாளிக்க முடியாதவர்கள் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரை அணுகலாம்.

காத்திருக்கும் காலத்தில்

தண்டுவடம் நசுங்கியிருப்போர், முடிதிருத்தும் கடையில் கழுத்தை நெட்டி முறிப்பதையும் சுளுக்கு எடுப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும். காவடி, பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். கீழே விழுவதும் பெருஞ்சேதம் விளைவிக்கும் என்பதால் வழுக்கும் குளியலறைத் தரையைச் சரிசெய்வது அவசியம்.

கை கால்கள் திடீரெனச் செயலிழந்தாலோ சிறுநீர் வராமல் நின்றுபோனாலோ அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 995ஐ அழைக்க வேண்டும்.