கொடியன்குளம்: எதைத் தேடி வந்தார்கள்?



வறுமையிலிருந்தும் கல்வியின்மையிலிருந்தும் வன்முறை பிறக்கிறது, வன்முறை நாட்டின் வளர்ச்சியைத் தடுக்கிறது, ஆகவே வளர்ச்சி வந்தால் வன்முறை குறையும். சமூகவியல் முதுகலை வகுப்பில் நான் படித்தது இது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். கொடியன்குளத்தின் முன்னால் இந்தச் சூத்திரம் நிற்கவில்லை.

அன்றைய சிதம்பரனார் மாவட்டத்தில், ஒட்டப்பிடாரம் வட்டத்தில் இருக்கிறது அந்தச் சிற்றூர். (வீரன் சுந்தரலிங்கம் பெயரைப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 1997இல் எல்லா மாவட்டங்களின் தலைவர் பெயர்களும் நீக்கப்பட்டன. வ.உ.சி.யின் பெயரும் அதில் போனது.) தேவேந்திரகுல வேளாளர் வாழும் ஊர். இளைஞர்கள் வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில் நல்ல வீடுகள் எழுந்தன. தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் இயந்திரம் வந்தன. பிள்ளைகள் படித்தார்கள். அடுத்தவர் வாசலில் கைகட்டி நிற்கும் தேவை குறைந்தது.

1995 ஜூலை இறுதியில் தென்மாவட்டங்களில் சாதி மோதல் வெடித்தது. ஆகஸ்ட் 31 அன்று ஏறத்தாழ 600 போலீசார் ஊருக்குள் நுழைந்தார்கள். குற்றவாளிகளைத் தேடி வந்ததாகச் சொல்லப்பட்டது. தேட வந்தவர்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி என்ன செய்தது? அதை உடைத்தார்கள். மின்விசிறியை, தையல் இயந்திரத்தை நொறுக்கினார்கள். தானியத்தை நாசமாக்கினார்கள். பாஸ்போர்ட்டுகளையும் படித்தவர்களின் சான்றிதழ்களையும் கொளுத்தினார்கள். குடிநீர்க் கிணற்றையும் விடவில்லை.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். மின்விசிறி இன்னொன்று வாங்கிவிடலாம். பாஸ்போர்ட் எரிந்தால் கடல் கடந்த வேலை எரிகிறது. சான்றிதழ் எரிந்தால், முதல் தலைமுறையாகப் படித்தவன் தன் படிப்பைக் காட்டக் கையில் ஒரு தாள் இல்லாமல் நிற்கிறான். அந்த ஊர் எந்த வழியில் மேலே வந்ததோ, அந்த வழிதான் குறி. ஆத்திரத்தில் கைதவறி நடந்ததென்று என்னால் இதை ஏற்க முடியவில்லை.

கிணறு என்றதும் 1935 நினைவுக்கு வருகிறது. குஜராத்தின் கவிதா கிராமத்தில் தீண்டப்படாதோர் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப முயன்றார்கள். அவர்கள் கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டதை அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். அங்கே பள்ளிக்கூடம், இங்கே பாஸ்போர்ட். அடி விழுந்தது இரண்டு இடத்திலும் எழுந்தவர்கள்மேல்தான். ஒரு வேறுபாடு உண்டு. கவிதாவில் அதைச் செய்தவர்கள் ஊர்ச் சாதி இந்துக்கள். கொடியன்குளத்தில் அரசின் சீருடை. சட்டம் ஒழுங்கு கெட்டால் முதலீடு வராது என்று பேசும் அதே அரசு, சட்டத்தின் பெயரால் ஓர் ஊரின் சேமிப்பை ஒரே நாளில் அழித்தது. எந்தக் குற்றப் புள்ளிவிவரத்தில் இதைச் சேர்ப்பது?

பிறகு வழக்கமானவை நடந்தன. கோமதிநாயகம் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அரசு நிவாரணத் தொகை அறிவித்தது. உடைந்த பொருள்களுக்கு விலை போட்டு வந்த அந்தப் பணத்தை ஊர்மக்கள் வாங்க மறுத்தார்கள்.