இருப்பிடக் கட்டுப்பாடும் மென்பொருள் பைப்லைனின் காப்பும்: தருமபுரியை முன்வைத்து

எழுதிய நிரலைச் சோதித்து, கட்டமைத்து, பயனரிடம் சேர்க்கும் தானியங்கித் தொடரை மென்பொருள் துறையினர் பைப்லைன் என்கிறார்கள். நிறுவனத்தின் சர்வர் கடவுச்சொற்களும் கிளவுட் சாவிகளும் அதன் வழியே போவதால், தாக்குவோரின் கண் இன்று அதன்மேல் இருக்கிறது. இருப்பிடத்தைப் பார்த்து அனுமதிப்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காப்பு. எடுத்துக்காட்டாக, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் பெருநிறுவனப் பதிப்பில் அனுமதிக்கத்தக்க ஐபி (இணைய) முகவரிகளைப் பட்டியலிட முடியும். இக்கட்டுப்பாட்டை மனிதர்மேல் சுமத்துவதைவிட இயந்திரங்களின் சாவிகள்மேல் வைப்பதே பயன் தரும் என்பது என் வாதம்.

ஊரிலிருந்து வேலை

மனிதர்மேல் சுமத்தினால் என்ன ஆகும் என்பதைத் தருமபுரியில் பார்க்கலாம். இங்கிருந்து பெங்களூரு சுமார் 130 கி.மீ. அங்கே வேலை பார்க்கும் இம்மாவட்டத்து இளைஞர்களுக்கு 2020 பொதுமுடக்கம் ஊரிலிருந்தே பணியாற்றும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. பாலக்கோட்டிலோ அரூரிலோ செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணையும் பொறியாளருக்குப் பெரும்பாலும் தனிப் பொது ஐபிவி4 முகவரி கிடைப்பதில்லை. முகவரித் தட்டுப்பாட்டால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கின்றன. அந்த ஏற்பாட்டில் உள்ளே பயன்படுத்துவதற்கென்றே 2012இல் 100.64.0.0/10 என்ற முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது.

விளைவு இரண்டு. அந்தப் பொது முகவரியை அனுமதித்தால், அதைப் பகிரும் முகம் தெரியாத பலருக்கும் அந்தத் தடை இல்லாமல் போகிறது. அனுமதிக்காவிட்டால், நள்ளிரவில் பழுது நீக்க வேண்டியவர் வெளியே நிற்கிறார். ஐபி முகவரியை ஊரோடு பொருத்தும் தரவுத்தளங்கள் அரூர்க்காரரைச் சென்னையில் இருப்பதாகவும் காட்டலாம். நிறுவன விபிஎன் வழியே வரச் சொன்னால் முகவரி நிலையாகும். ஆனால் அப்போது சோதிக்கப்படுவது விபிஎன் சான்று, ஊர் அல்ல. ஜிபிஎஸ்ஸையும் முழுதாக நம்ப முடியாது: ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்பிலேயே போலி இருப்பிடம் காட்ட வழியுண்டு.

மூன்று நிகழ்வுகள்

2022 டிசம்பரில், பைப்லைன் சேவை தரும் சர்க்கிள்சிஐ நிறுவனப் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியில் புகுந்த தீநிரல், இரட்டைச் சரிபார்ப்பு முடிந்த செஷன் குக்கியைத் திருடியது. தாக்கியவர் வேறிடத்திலிருந்து அவராகவே நுழைந்து வாடிக்கையாளர்களின் சாவிகளை எடுத்தார். இங்கே இடமாற்றத்தைக் கவனிக்கும் சோதனை உதவியிருக்கக்கூடும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த வழக்கு இதற்கு நேர்மாறு. ஒரு வீட்டில் நிறுவன மடிக்கணினிகளை அடுக்கிவைத்து, வட கொரியப் பணியாளர்கள் தொலைவிலிருந்து இயக்க உதவியவருக்கு 2025 ஜூலையில் சிறைத்தண்டனை கிடைத்தது. ஏமாந்த நிறுவனங்கள் 300க்கும் மேல். கணினி இருந்த இடம் சரியானது, இயக்கியவர்தான் வேறு.

2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்ற பொதுநிரல் கெடுக்கப்பட்டபோது, அது பைப்லைன் பணிகளை இயக்கும் கணினியான ரன்னருக்குள்ளேயே முறையாக ஓடி, ரகசியங்களைப் பணிப் பதிவேட்டில் கொட்டியது. அதைப் பயன்படுத்திய நிரல்தொகுப்புகள் 23,000க்கும் மேல். ஆளின் ஊரைச் சோதித்திருந்தால் இதில் எதுவும் தடைப்பட்டிருக்காது. ஆனால் கசிந்த சாவி குறிப்பிட்ட வலைப்பின்னலுக்கு வெளியே செல்லாது என்று முன்பே கட்டியிருந்தால், பொதுவெளியில் கிடந்தாலும் அதை எடுத்தவரால் வெளியிலிருந்து பயன்படுத்தியிருக்க முடியாது.

செய்ய வேண்டியது

கட்டமைக்கும் ரன்னர்களை நிலையான வெளியேற்ற முகவரியுள்ள சொந்த வலைப்பின்னலில் வைக்க வேண்டும். ஏடபிள்யூஎஸ் போன்ற கிளவுட் தளங்களில் சாவியின் பயன்பாட்டை மூல முகவரிக்கு ஏற்ப வரையறுக்கும் நிபந்தனை உண்டு. நீண்டகாலச் சாவிகளுக்குப் பதிலாகச் சில நிமிடங்களில் காலாவதியாகும் டோக்கன்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். மனிதருக்கு வன்பொருள் சாவியும் கருவிச் சான்றும், வெளியீட்டுக்கு இன்னொருவரின் ஒப்புதலும் தேவை. பணியின் நடுவே இடம் மாறினால் மறுசரிபார்ப்புக் கேட்கலாம்; கதவடைக்கக் கூடாது. வலைப்பின்னல் இருப்பிடம் மட்டுமே நம்பிக்கைக்கு அடிப்படையாகாது என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2020இலேயே வரையறுத்தது.

இதில் உரிமையும் அடங்கியிருக்கிறது. தனிமனிதரின் இருப்பிடம் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனிநபர் தரவு. குறைந்த பயனுக்காக ஊழியரின் நடமாட்டத்தைத் தொடர்வது தேவைக்கு மீறிய சேகரிப்பு. ரன்னருக்கு அந்தரங்கம் இல்லை, சொந்த வலைப்பின்னலில் வைத்தால் அதன் இடமும் மாறுவதில்லை. அதன் சாவிகளை இடத்தோடு கட்டிவைக்கும் நிறுவனம், தன் பொறியாளர் அரூரிலிருந்தே வேலை செய்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை.